முத்தின் விலை

பொங்கற் பானை இறக்கி, வாசலிற் போட்ட கோலம் அழியுமுன், கண்டி மாநகருக்கு இன்னுமொரு நாள் வந்துவிடுகிறது. அது ஜனவரி 16. 1711ஆம் ஆண்டு இந்நாளில் யோசேப் வாஸ் என்னுங் கத்தோலிக்கக் குருவானவர் இந்நகரில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 59. அதில் இருபத்துநான்கு ஆண்டுகளை இலங்கைக்கு ஈந்தவர். பிறந்த ஊர் கோவா நாட்டில் உள்ளது. வந்தவர் வந்தவரே, திரும்பிப் போய் ஒருமுறையேனும் அதைப் பார்த்தவரல்லர். கண்டியிலேயே அவர் உடலை அடக்கினார்கள். அந்தச் சமாதி இருந்த இடம் இதுதான் என்று கையை நீட்டிச் சொல்ல இன்று ஒருவருமில்லை. பிறந்த மண்ணையும் விட்டார். இறந்த மண்ணிலும் ஆறடியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

1995ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இலங்கைக்கென்று அமைந்த முதற் புனிதர் அவர். அந்தச் செய்திகளைப் பத்திரிகைகள் விரிவாகவே எழுதின. நான் எழுதவந்தது அதுவன்று.

நான் சைவன். காலையில் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகிறவன். பிராசீன பாடசாலையில் இலக்கணமும் உரையும் படித்து, அவற்றையே படிப்பித்துத் தலை நரைத்தவன். கத்தோலிக்கக் குருவானவரைப் பற்றி எழுத உமக்கென்ன வந்தது என்று கேட்பார் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தமிழ். மற்றையது, இருபது ஆண்டுகளுக்கு முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வீட்டு விறாந்தையில் வந்து குந்திய ஒரு மனிதர். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை. அவரிடம் பின்னர் வருகிறேன்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு சிறிய உவமைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவன் ஒரு நிலத்திற் புதையல் ஒன்றைக் காண்கிறான். அதை மறைத்து வைத்துவிட்டு, மகிழ்ச்சியோடு போய், உள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். இன்னொருவன் முத்து வணிகன். நல்ல முத்துத் தேடித் திரிந்தவன், விலைமதிப்பில்லாத ஒரு முத்தைக் கண்டதும் தனக்கிருந்த எல்லாவற்றையும் விற்று அதை வாங்கிக்கொள்கிறான். கதை அவ்வளவே. இரண்டு கதைக்குமாக நாலைந்து வரி.

உரை படித்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்று தட்டுப்படும். இவர்கள் இருவரும் துறக்கவில்லை, விற்கிறார்கள். துறவு என்னுஞ் சொல்லே அங்கில்லை. அது ஒரு வியாபாரம். அதுவும் மிக இலாபமான வியாபாரம். அழுதுகொண்டு விற்றவன் அங்கில்லை. முதற்கதையில் வருபவனுக்கு மகிழ்ச்சி என்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

நம்முடைய மரபு வேறு முறையில் வைப்பது. திருக்குறளிலே துறவு முப்பத்தைந்தாம் அதிகாரம். மெய்யுணர்தல் முப்பத்தாறாம் அதிகாரம். முன்னே விட்டால் பின்னே மெய் விளங்கும் என்பது வைப்புமுறை. செல்வமும் உடம்பும் நில்லாதன என்று கண்டு, அவற்றில் வைத்த பற்றை விடுதலே துறவு என்று பரிமேலழகர் பொருள் கொள்வார். விடுவதற்கு அங்கே காரணம் நிலையாமை. சுவிசேஷத்து உவமையிலோ, முன்னே முத்துக் கண்ணிற் படுகிறது. பின்னே கை தானாகத் திறக்கிறது. விடுவதற்கு அங்கே காரணம் ஆசை. ஆசையென்று எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும் அதுதான் சொல். ஆனால், இந்த வேற்றுமையை மிகவும் இழுக்கலாகாது. பற்றில்லாத ஒருவன்மேல் வைக்கும் பற்றே மற்றைப் பற்றுகளை அவிழ்க்கும் என்ற கருத்தைத் துறவதிகாரத்தின் கடைசிக் குறளிலே வள்ளுவரும் வைத்திருக்கிறார். இரண்டு வழியும் எங்கோ ஒரு சந்தியிற் கூடுகின்றன.

யோசேப் வாஸ் அடிகள் எந்த முத்தைக் கண்டார், எதையெதை விற்றார் என்று கணக்குப் பார்ப்போம்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21இல் கோவாவிலுள்ள பெனாவுலிம் என்ற ஊரிலே பிறந்தார். அது தாயின் ஊர். கொங்கணி பேசும் அந்தணக் குலத்திலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் கிறித்தவரான குடும்பம். போர்த்துக்கேய மொழியும் லத்தீன் மொழியும் கற்றார். இயேசு சபையாரின் கல்லூரியிலும், பின்னர் தொமினிக்கன் சபையாரின் கல்லூரியிலும் பயின்றார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். நல்ல போதகர் என்ற பெயர் விரைவிலேயே வந்தது. கன்னடக் கரையிலே சில ஆண்டுகள் மேற்பார்வைக் குருவாக இருந்து திரும்பினார். 1685இல் கோவா நகரின் சிலுவைக் கோயிலிலே சுதேசக் குருமார் சேர்ந்து ஒரு துறவோர் இல்லம் அமைத்தபோது, அவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தனர். ஐரோப்பியக் குருமாரே எல்லாவற்றிலும் முன்னிற்கும் காலத்தில், இந்திய மண்ணிற் பிறந்தவர்கள் தமக்கென்று நிறுவிக்கொண்ட இல்லம் அது. அதிலும் அந்தணக் குலத்துக் கிறித்தவர்களே இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதம் மாறினும் குலம் மாறாத கதை நமக்குப் புதிதன்று.

ஆக, முப்பத்தைந்து வயதில் அவரிடம் இருந்தவை: குலம், கல்வி, குருப்பட்டம், சபைத்தலைமை, ஊரார் மதிப்பு. சாதாரண மனிதன் இவற்றுள் ஒன்றுக்காகவே வாழ்நாள் முழுவதும் ஓடுவான். நான் பண்டிதர் பரீட்சைக்கு ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும்.

இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கக் குருமாரும் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவரை வீட்டில் மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மேற்குக் கரையிலும் இருந்த கத்தோலிக்கர், முப்பதாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம், ஒரு குருவின் முகத்தைக் காணாமல் இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். மேய்ப்பன் இல்லாத அந்த மந்தைதான் வாஸ் அடிகள் கண்ட முத்து.

குருவானவர் என்று சொல்லிக்கொண்டு கப்பலேற முடியாது. ஆகவே கூலியாளாக வேடம் பூண்டார். அரையிலே ஒரு துண்டு, வெறுங்கால், யுவான் என்ற பணியாள் ஒருவன் துணை. தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வரும்போதே வயிற்றளைச்சல். நோயாளியைப் பார்த்து ஊரார் ஒதுங்கினர். பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து வார்த்து உயிரைக் காப்பாற்றினாள் என்பது அவர் சரித்திரத்தில் வருஞ் செய்தி. எழுந்து நடமாடக்கூடிய நிலை வந்ததும் வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். கழுத்திலே செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டார். பிச்சை இடுவோர் கண் அந்த மாலையில் எங்கே தங்குகிறதென்று பார்த்தார். தங்கிய கண்ணுக்குரியவர் மறைவாக விசுவாசம் காப்பவர் என்று அறிந்துகொண்டார். அவ்வாறு ஒரு வீட்டிலிருந்து மறுவீடு. பின்னர்ச் சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்தது. பகலிற் பிச்சைக்காரர், இரவிற் குருவானவர்.

குலம் போயிற்று, பட்டம் மறைந்தது, மதிப்புப் போயிற்று. பிச்சைப் பாத்திரம் ஏந்துதல் நம் நாட்டுத் துறவிக்கு இழுக்கன்று என்று சொல்லலாம். உண்மை. ஆனால் நம் துறவிக்குக் காவி உண்டு. காவியைக் கண்டால் ஊர் எழுந்து நிற்கும். இவருக்கு அதுவும் இல்லை. துறவி என்ற பெயரையுங்கூடத் துறந்துவிட்டுப் பிச்சையெடுத்தவர்.

சில்லாலையிலும் தேடுதல் வந்தபோது புத்தளத்துக்குப் போனார். புத்தளம் அக்காலத்தில் கண்டி அரசனுக்கு உரியது. 1692இற் கண்டிக்குப் புறப்பட்டார்.

இங்கே சிறிது நின்று பார்க்க வேண்டும். இராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை நம் மாணாக்கர் சரித்திர பாடத்தில் அறிவர். 1660இற் கொட்டியாரத்துக்கு வந்த கப்பலிலிருந்து இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் அடைபட்டிருந்தார். 1679இற் காடு கடந்து ஓடி, மன்னாருக்கு அருகேயுள்ள அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் தஞ்சம் புகுந்தார். 1681இல் அவர் நூல் லண்டனில் வெளிவந்தது. அந்நியன் ஒருவன் கண்டிக்குள்ளே போனால் என்ன ஆகும் என்று உலகம் அறிந்துவிட்டது. எந்த நாட்டிலிருந்து ஒருவர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடினாரோ, அந்த நாட்டுக்குள்ளே பதின்மூன்று ஆண்டு கழித்து இன்னொருவர் தாமாக நடந்து போகிறார்.

எதிர்பார்த்தது நடந்தது. அரண்மனையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று கோள் மூட்டினார். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிட்டான். யுவானும் உடன் சிறைப்பட்டான். சிறையிலே வாஸ் அடிகள் செய்த முதல் வேலை சிங்களம் படித்தது. காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓலைக் குடில் ஒன்று கட்டிப் பூசை வைத்தார். இன்று நாம் மாலைக்காற்று வாங்கும் வாவியை அவர் பார்த்ததில்லை. அது கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் காலத்தில், 1807 அளவில் வெட்டப்பட்டது. அவர் கண்டது அவ்விடத்து வயலையும், சுற்றி நின்ற இதே மலைகளையும்.

பின்னர் மழை பொழிந்த கதை வரும். நாட்டிலே கொடிய வரட்சி. மழைக்காகப் பிரார்த்திக்கும்படி அரசன் கேட்டான். வெளியிலே பீடம் அமைத்து வேண்டினார், மழை பெய்தது, பீடமும் அவரும் நனையவில்லை என்பர். பதிகம் பாடி மழை வருவித்த கதைகளைப் பக்தியோடு படிப்பிக்கும் நான் இதை மட்டும் நம்பேன் என்று சொல்வது முறையன்று. நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவும் மாட்டேன். அரசன் மகிழ்ந்து அவரை விடுவித்தான், இராச்சியத்திற் போதிக்க இடம் கொடுத்தான் என்பதோடு நிறுத்துகிறேன். ஒரு பௌத்த அரசன் அளித்த நிழலிலேதான் இலங்கைக் கத்தோலிக்கம் பிழைத்தது. கிறித்தவரான ஒல்லாந்தர் தேடித் தேடி அழித்ததைப் பௌத்த மன்னன் காப்பாற்றினான். சரித்திரத்துக்கு இத்தகைய குறும்பு உண்டு.

எனக்கு மழையைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1697இல் நடந்தது. கண்டியில் அம்மை நோய் வந்தது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டோரத்திற் கொண்டுபோய் விட்டனர். வாஸ் அடிகளும், அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மருமகன் முறையான கர்வாலோ என்ற இளங்குருவும், அந்நோயாளரைத் தேடிப்போய்க் கஞ்சி வார்த்தனர், புண் கழுவினர், இறந்தவரைப் புதைத்தனர். கிறித்தவர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் முன்பின் அறியாத ஒருத்தி வார்த்த கஞ்சிக் கடன், பத்தாண்டு கழித்துக் கண்டியிலே தீர்க்கப்பட்டது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இனித் தமிழுக்கு வருகிறேன். துறவைப் பற்றிப் பேசுவோர் வீடு, பொருள், மனைவி, மக்கள் என்று எண்ணுவார்கள். தாய்மொழியை எண்ணுவார் இல்லை. நடுவயதிற் புதிய மொழியொன்றுக்குள் நுழைவது எத்தகைய வறுமை என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். லத்தீனில் நியாயம் பேசிய நாக்கு, தண்ணீர் கேட்கச் சொல் தெரியாமற் குழறும். சிறுபிள்ளை சிரிக்கும். கற்ற கல்வி முழுவதும் வாய்க்குள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கும். கொங்கணி பேசிப் பிறந்த வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்துப் படலைகளில் தமிழில் இரந்தார். கண்டிச் சிறையிற் சிங்களத்தில் எழுத்துக்கூட்டினார். பொருளைத் துறப்பதிலும் இது கடினம் என்பது என் துணிபு. பொருளை ஒரே நாளிற் கொடுத்துவிடலாம். மொழியை நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

அவருக்குப் பின்னே வந்தவர் இதனை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனார். யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் 1676இல் கோவாவின் திவார் என்னும் தீவிற் பிறந்தவர்; 1705இல் மன்னார்க் கரையில் இறங்கியவர்; 1742இல் மேற்குக் கரையிலுள்ள போலவத்தையில் மறைந்தவர். வீரமாமுனிவருக்கு ஏறத்தாழச் சமகாலத்தவர். அங்கே தேம்பாவணி செய்தவரை நாம் கொண்டாடுகிறோம். இங்கே நம் நாட்டில் ஓலையெழுதிய இவரைப் பாடப் புத்தகத்திலும் அதிகம் காண்பதில்லை. சிங்களவர் இவரைத் தம் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்பர். தமிழிலும் தேவ அருள்வேத புராணம், சுகிர்த தர்ப்பணம், வியாகுலப் பிரசங்கம் முதலியவற்றை எழுதினார். கிறித்து பட்ட பாடுகளை ஒப்பாரி இராகத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் வடபகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களிலே தபசுக் காலத்தில் நெஞ்சை உருக்குவது. நான் மாணாக்கனாக இருந்தபோது நண்பன் ஒருவனோடு போய் அதை ஒருமுறை கேட்டேன். முதியவர் ஒருவர் வாசித்தார். வடசொல் மிகுந்த நடை. பண்டிதன் காது குற்றம் தேடியது. சிறிது நேரத்திற் தேடுவதை மறந்துவிட்டது. எழுதியவர் தமிழைத் தாயிடம் கேட்டவரல்லர் என்று பிறகுதான் நண்பன் சொன்னான். அன்று தொடங்கியதே இந்த மனிதர்கள்மேல் எனக்கு உண்டான ஈடுபாடு.

சைவ வாசகர் சிலருக்கு இந்த இடத்தில் நாவலர் நினைவு வரும். வரவேண்டும். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் உத்தியோகம், சம்பளம், வேதாகம மொழிபெயர்ப்பிலே பங்கு, எல்லாம் இருக்க, 1848இல் அவற்றை விட்டு வெளியே வந்தார் ஆறுமுக நாவலர். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அவர் கண்ட முத்து வேறு. விற்ற முறை ஒன்று. வாஸ் அடிகளும் நாவலரும் ஒரு மேடையிற் சந்தித்திருந்தால் இருவரும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

இதுவரை சொன்னது எல்லாம் எனக்கு எளிது. விறாந்தைக்கு வருகிறேன்.

கண்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஆலையில் வேலை செய்யும் ஒருவரின் மகன் எங்கள் பாடசாலையிற் படித்தான். கத்தோலிக்கக் குடும்பம். தாய் கொழுந்து பறிப்பவர். நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வாழ்வு. மகன் தமிழிற் கெட்டிக்காரன். உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பெறுபேறு. லயத்திலே அதுவரை ஒருவருக்கும் கிடைக்காதது. அந்த வேளையில் அவன், நான் குருமடத்திற் சேரப்போகிறேன் என்றான்.

தகப்பனார் என்னிடம் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், இருக்கவில்லை. படியிலே குந்தினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, நீங்க சொன்னா கேப்பான். ஒரு வார்த்த சொல்லுங்க," என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். உயர்ந்த நிலை, எல்லாருக்கும் கிடையாது, என்ற தோரணையில். அவர் இடைமறித்தார். "எல்லாத்தையும் விட்டுட்டு வரணும்னு சாமி சொல்றாரு. சரிங்க ஐயா. நாங்க விடுறதுக்கு என்னங்க இருக்கு? லயத்துல ஒரு காம்பரா. அதுவும் தொரை குடுத்தது. எங்ககிட்ட இருந்ததே அவன் ஒருத்தன்தாங்க."

இதுதான் நான் சொன்ன கேள்வி.

துறத்தல் வேறு, இழத்தல் வேறு. முன்னது தன்வினை போலத் தோன்றும். பின்னது மனிதன்மேல் வந்து விழுவது. அம்மனிதரின் பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாய் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். ஊரை விட்டார்கள், துறந்தார்கள் என்று எவரும் சொல்வதில்லை. 1948இற் குடியுரிமை போயிற்று. 1964இன் ஒப்பந்தத்தால் உறவு இரண்டு நாட்டுக்குமாகப் பிரிந்தது. இழந்தே பழகிய மக்களிடம் போய்த் துறவின் பெருமை பேசுவது எப்படி? கோவாவிலே வாஸ் அடிகளின் வீட்டாருக்கு மகன் போனதால் உலை கொதியாமல் நின்றிருக்காது. உடையவன் விடுவதற்கும் இல்லாதவன் விடுவதற்கும் ஒரே தராசு வைக்கலாமா? இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணின் காணிக்கையை மற்றெல்லாரினும் மேலானதென்று இயேசு சொன்னதாக மாற்குவின் சுவிசேஷத்தில் உண்டு. ஆனால் அவள் போட்டது தன் காசை. மகன் போடுவது தகப்பனின் காசையல்லவா?

இதையே மகனிடம் கேட்டேன். அவன் நூலிலிருந்தே அவனை மடக்க எண்ணினேன். தாய் தகப்பனுக்கு உதவவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று ஒதுக்கிவிட்டுக் கைகழுவுவோரை, கொர்பான் என்ற வழக்கத்தைக் குறித்து, இயேசுவே கடிந்திருக்கிறார். அதையெடுத்துச் சொன்னேன். அவன் முகம் வாடியது. சற்றுப் பொறுத்துச் சொன்னான்: "ஐயா, நான் எதையும் விடுவதற்காகப் போகவில்லை. ஒன்றைக் கண்டுவிட்டேன். கண்ட பிறகும் காணாதவன்போல உத்தியோகம் பார்த்தால், அப்பாவுக்கு அனுப்பும் காசு ஒவ்வொன்றிலும் பொய் இருக்கும்." அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவன் போனான்.

தகப்பனார் ஓராண்டு மகனோடு பேசவில்லை. பின்னர்ப் பேசினார். மகனும் குருப்பட்டம் பெற்று, மலையகத்திலேயே ஒரு பங்கிற் பணி செய்கிறான். தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறான். நன்றாக நடத்துகிறான் என்று கேள்வி. இத்தனையும் சொல்லி, எல்லாம் நன்மைக்கே என்று எழுதிவிடலாம். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள்.

அவளும் படித்தாள். அண்ணன் அளவுக்கு இல்லாவிட்டாலும் மோசமில்லை. அண்ணனின் சம்பளத்தை நம்பியே அவளுடைய மேற்படிப்பு இருந்தது. சம்பளம் இல்லையென்றானதும், சாதாரணதரப் பரீட்சையோடு நிறுத்திக்கொண்டு கொழும்பிலே ஒரு புடைவைக் கடைக்குப் போனாள். வயது பதினாறு. முத்தைக் கண்டவன் அண்ணன். விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவள் தங்கை. அவளை எவரும் கேட்கவில்லை. அவளுக்கு முத்தைக் காட்டவும் இல்லை.

வாஸ் அடிகளின் சரித்திரத்தைப் பிறகு படிக்கும்போதெல்லாம் என் கண் யுவானிடம் போய் நிற்கிறது. தோணியில் உடன் வந்தான். யாழ்ப்பாணத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தான். கண்டிச் சிறையில் உடன் கிடந்தான். அவன் கொங்கணியில் எந்தக் கனாவைக் கண்டான், கோவாவில் எவரை விட்டுவந்தான் என்று எழுதுவார் இல்லை. மன்னாரிலே முத்துக் குளித்த காலத்தில், மூக்கை அடைத்துக்கொண்டு கல்லோடு கடலில் இறங்கியவன் ஒருவன். கரையிலே முத்தை நிறுத்து வாங்கியவன் வேறொருவன். உவமையில் வருவது வணிகன் மட்டுமே.

அதற்காக வணிகன் வாங்கியிருக்கக்கூடாது என்று நான் சொல்லேன். வாஸ் அடிகள் கோவாவிலேயே இருந்திருந்தால், அம்மை கண்டு காட்டோரத்திற் கிடந்தவனுக்குக் கஞ்சி வார்க்க ஆளிருந்திராது. மகன் உத்தியோகத்துக்குப் போயிருந்தால் அந்த மாலை வகுப்பும் இல்லை. அவன் செய்தது சரியென்றே இன்று எண்ணுகிறேன். தகப்பனாரின் கேள்வியும் சரியென்றே எண்ணுகிறேன். இரண்டையும் ஒரு வாக்கியத்துக்குள் அடக்கும் இலக்கணம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். அன்று கொர்பான் என்று அந்தப் பையனை மடக்கிய எனக்குச் சம்பளம் இருந்தது. பிள்ளைகளும் அப்போது சிறியவர்கள், செலவு பெரிதில்லை. மாதம் ஒரு சிறுதொகை கொடுத்து அந்தப் பெண்ணை இன்னும் இரண்டாண்டு படிக்க வைத்திருக்கலாம். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் புத்தகக் கடைக்காரரிடம் இருந்த பாக்கியை நினைத்துத் தள்ளிப் போட்டிருப்பேன். பிறருடைய துறவை நிறுத்துப் பார்ப்பதில் எனக்கிருந்த சுறுசுறுப்பு இதில் இல்லை.

சென்ற தையில், வாஸ் அடிகளின் திருநாளன்று, புனித அந்தோனியார் பேராலயத்துக்கு வெளியே அவளைக் கண்டேன். என்னை அவளே அடையாளம் கண்டு, "ஐயா," என்று வந்தாள். கொழும்பை விட்டு வந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திற் குடியிருக்கிறாளாம். தகப்பனார் இப்போது மகளோடுதான் இருக்கிறார்; கண் சரியாகத் தெரிவதில்லை. "அண்ணன் போனதில் உனக்கு மனவருத்தமோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அப்ப இருந்திச்சு ஐயா. கடையில நின்னு நின்னு காலு வீங்கும்போதெல்லாம் இருந்திச்சு," என்றாள். பக்கத்தில் நின்ற மகளின் தலையைத் தடவினாள். எட்டாந் தரத்திற் படிக்கிறாளாம். எல்லாம் வருகிறது, இலக்கணம் மட்டும் தலையில் ஏறவில்லையாம்.

சனிக்கிழமை காலையில் அனுப்பிவைக்கச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, மழைக்குள்ளே, குடை பிடித்துக்கொண்டு பாட்டனார் கூட்டிவந்தார். இம்முறையும் நாற்காலியைக் காட்டினேன். இருந்தார்.